ஐந்தரை பஸ்ஸுக்கு முன்னால் துதி: ஷிஃப்டு வேலை வீடுகளில் நாள்தோறும் ஸ்தோத்திரம் எப்படி?

#1 ஐந்தரை_பஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில் நம்ம கெடா மாநிலம், பாடாங் செராய் சுற்றுவட்டத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை மனதில் வைத்துக் கேட்கிறேன். நம்ம ஊர் நிலவரம் தெரிந்ததுதான். வீட்டில் ஒருவருக்குக் கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு, இன்னொருவருக்குக் கேண்டீன் வேலை, பாட்டி மட்டும் தோட்டத்துப் பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழும்பிய பழக்கத்தில் நாலரைக்கே கண் விழித்து உட்கார்ந்திருப்பார். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிறு காலை ஆராதனையை நம்பி வாரத்தை ஓட்டுவது பல வீடுகளுக்கு நடக்காத காரியம். துதி வீட்டிலேயே, வேலை நாளிலேயே நடந்தாக வேண்டும்.

மூன்று சந்தேகம். ஒன்று, குடும்பமாக உட்காரவே நேரம் அமையாத வீட்டில் இதை எங்கே செருகுவது? இரண்டு, ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தை ஆர்வமாக ஆரம்பிக்கிறவர்கள் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்களே, ஏன்? மூன்று, கெட்ட செய்தி வந்த நாளில் வாயைத் திறந்து என்ன சொல்வது? பிரசங்கம் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

#2 வேதபாட_டீச்சர்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில்.

கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் முதல் தப்பு. "தினமும் இரவு ஒன்பதுக்கு" என்று முடிவு செய்தால், ஷிஃப்டு மாறும் அன்றைக்கே அது உடைந்துவிடும். இரண்டு தடவை உடைந்தால் மூன்றாம் தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். நேரத்துக்குப் பதிலாக, எந்த ஷிஃப்டிலும் தவறாத ஒரு கைவேலையோடு துதியை முடிச்சுப் போடுங்கள். தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பது, வேலைச் சப்பாத்து மாட்டுவது, அரிசி களைவது, வீடு திரும்பிக் கதவைத் திறப்பது. இதில் மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். தானியேல் மூன்று வேளை (தானியேல் 6:10), சங்கீதக்காரன் ஏழு தரம் (சங்கீதம் 119:164). ஆரம்பிக்கிறவர்கள் ஏழுக்குப் போகாதீர்கள்.

என்ன சொல்வது? சங்கீதம் 117-ஐப் பாருங்கள். சங்கீதங்களிலேயே சின்னது, இரண்டே வசனம். முதல் வசனம் கூப்பிடுகிறது: எல்லாரும் அவரைத் துதியுங்கள். இரண்டாம் வசனம் காரணம் சொல்கிறது: அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது. பெரும்பாலான துதிச் சங்கீதங்களின் எலும்புக்கூடு இதுதான், அழைப்பும் காரணமும். நம் ஜெபங்களில் அழைப்பு ஏராளம், காரணம்தான் காணாமல் போகிறது. "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்" என்று முப்பது தரம் வரும், எதற்கு என்று ஒரு தரம்கூட வராது.

எடுத்துக்காட்டாக, "இந்நாள்வரை செய்த எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்." தப்பில்லை. ஆனால் நேற்றும் இதுதான், நாளையும் இதுதான். ஒரு வாரத்தில் வாய் சொல்லும், மனசு மார்க்கெட்டுக்குப் போய்விடும். இதையே, "ஆண்டவரே, நேற்று ராத்திரி மழையில் நனைந்த சடக்கில் மோட்டார் சறுக்காமல் வீடு சேர்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பாருங்கள். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அவர் செய்த ஒரு செயல் இருக்கிறது. சங்கீதம் 103 "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடவில்லை. அக்கிரமங்களை மன்னித்து, நோய்களைக் குணமாக்கி, பிராணனை அழிவுக்கு விலக்கி என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது.

ஒரு கைவேலைக்கு ஒரு காரணம், இருபது விநாடி. இரண்டு மாதம் இதை மட்டும் செய்யட்டும்.

#3 கீர்த்தனை_மாஸ்டர்

டீச்சர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பாட்டைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். வீட்டு ஜெபத்தில் பாட்டு செத்துப்போவது அனுபல்லவியில். கவனித்துப் பாருங்கள், பல்லவியை எல்லாரும் பாடுவார்கள், அனுபல்லவி வந்ததும் பாதிப் பேர் வாயசைப்பார்கள், சரணத்தில் ஆரம்பித்தவர் மட்டும் தனியாக நிற்பார். விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள், சுருதிக் கோளாறு.

காரணம் எளிது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம் கீர்த்தனைகள் கர்நாடக அமைப்பில் வருகின்றன. பல்லவி நடு ஸ்தாயியில் சுகமாக உட்காரும், அனுபல்லவி மேல் ஸட்ஜத்தை (மேல் 'ஸ'வை) தொடப் போகும். ஆரம்பிக்கிறவர் பல்லவியைத் தன் தொண்டைக்கு வசதியாக எடுத்துவிடுகிறார், மேலே ஏறும்போது மூச்சு இல்லை. பெண்கள் வழக்கமாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார்கள், ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு. இரண்டு பேரும் சேர்ந்தால் யாராவது ஒரு பக்கம் மாட்டிக்கொள்வார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் பாட்டின் மிக உயரமான வரியை மெதுவாக ஒருமுறை முனகிப் பாருங்கள். அது நெரிக்காமல் வந்தால் அங்கிருந்து இறங்கி வந்து பல்லவியை எடுங்கள். கீபோர்டு இருந்தால், கலந்த குரல்களுக்கு ஸட்ஜத்தை 'ஏ'யிலிருந்து 'சி'க்குள் வையுங்கள், அதாவது ஆறு கட்டையிலிருந்து ஏழைக் கடந்து ஒரு கட்டை வரைக்கும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், ஒன்றும் கெட்டுவிடாது. சர்ச்சில் 'டி'யில் வாசித்த பாட்டை வீட்டிலும் அதே 'டி'யில் எடுப்பதுதான் வழக்கமான பிழை. அங்கே ஒலிபெருக்கியும் இருபது குரலும் தாங்கிப்பிடிக்கும், இங்கே நாலு பேர். டிரான்ஸ்போஸ் பொத்தானில் இரண்டு மூன்று இறக்குங்கள்.

கைத்தட்டல் அடுத்த தொல்லை. தட்டத் தட்ட வேகம் கூடும், மூன்றாம் சரணத்தில் பாட்டு ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். தொடையில் தட்டுங்கள், வேகமும் கூடாமல் நிற்கும், நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குகிற நைட் ஷிஃப்டுக்காரருக்கும் நிம்மதி. தம்புரின் வேண்டவே வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஜால்ராத் தகடுகளில் துணிப் பிளாஸ்டர் சுற்றுங்கள்.

ஜான் வெஸ்லி 1761-இல் பாடுவதற்கென்று ஏழு விதி எழுதினார். அதில் ஒன்று, அடக்கமாகப் பாடு, கத்தாதே என்பது. இன்னொன்று, தாளத்தோடு போ, முந்தவும் வேண்டாம் பிந்தவும் வேண்டாம் என்பது. தாமான் வீட்டுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும்.

#4 சும்மா_கேட்கிறேன்

எல்லாம் சரிங்க. மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே? 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ எடுத்துக்கொண்டு, விபத்து நடந்த வீட்டில் போய் "இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர்" என்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற அம்மாவிடம் சொல்கிற வார்த்தையா அது? துதி என்றால் நடிப்பதா?

#5 வேதபாட_டீச்சர்

நடிப்பு இல்லைங்க. வசனத்தைச் சரியாக வாசியுங்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான் இருக்கிறது. எந்த நிலைமைக்குள் இருந்தாலும் என்று பொருள். விபத்தையே நன்மை என்று சொல்லச் சொல்லவில்லை. உடனே யாராவது எபேசியர் 5:20-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அங்கே "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று. இருக்கிறது. ஆனால் அதே அதிகாரம் 11-ஆம் வசனத்தில் அந்தகாரக் கிரியைகளைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. கடிந்துகொள்ள வேண்டியதற்கே நன்றியும் சொல் என்று பவுல் எழுதியிருக்க முடியாது. தீமைக்குள்ளும் கைவிடாத பிதாவுக்கு நன்றி என்று எடுத்துக்கொண்டால் இரண்டு வசனமும் ஒன்றை ஒன்று இடிக்காது.

கெட்ட நாளுக்குச் செய்முறை சங்கீதத்திலேயே இருக்கிறது. சங்கீதம் 13, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாம் செய்கிற தப்பு, முதல் நாலு வசனத்தைத் தாண்டிக் குதித்துக் கடைசி இரண்டுக்கு ஆளை இழுப்பது. புலம்பலை முடிக்க விடாமல் துதிக்கச் சொன்னால் வாய் மட்டும்தான் வரும்.

அதுவும் முடியாத நாளுக்குச் சங்கீதம் 88. அது கதறலில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அதையும் துதிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எபிரேயத்தில் சங்கீதப் புத்தகத்தின் பெயரே 'தெஹில்லீம்', துதிகள். புலம்பிக்கொண்டு அவரிடம் பேசுவதையும் அந்தப் பெயருக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆக, துக்க வீட்டுக்குப் போனால் 88-ஐ வாசித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள்.

#6 தோப்புக்காரன்

டீச்சர் சொன்ன புலம்பலோடு ஆபகூக் 3:17, 18-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்க. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடியில் பழம் உண்டாகாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் என்று பட்டியல் போகும். நம்ம ஆளுக்கு அத்திமரம் தெரியாது, பால்மரம் தெரியும். வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும்போது பால் குறையும். மழைக்காலத்தில் பட்டை நனைந்தால் பால் வெட்டே இல்லை, மங்கில் (பால் கோப்பையில்) விழுந்த பாலையும் மழை அடித்துக்கொண்டு போகும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை.

இந்த வசனத்தின் வடிவத்தை வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கை உள்ளே போட்டுச் சொல்லலாம்: "இந்த மாதம் பதினோரு நாள் மழை வெட்டைத் தின்றுவிட்டாலும், கடைக்காரரிடம் கணக்கு ஏறிவிட்டாலும், ஓவர்டைம் நின்றுபோனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." நஷ்டத்தை முழுசாகச் சொன்ன பிறகுதான் 'ஆனாலும்' வர வேண்டும். நஷ்டத்தை மறைத்துவிட்டு 'ஆனாலும்' மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது.

வேலையிடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும்போது கண் குலையில், கால் தரையில், மனசு கைவேலையில் இருக்கணும். அந்த நேரத்தில் பாட்டு கேட்கிறேன் என்று இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீங்க. குலை அறுந்து விழுகிற சத்தமும் மட்டை முறிகிற சத்தமும்தான் விலகச் சொல்லித் தருவது. மோட்டார் ஓட்டும்போதும் அதேதான். தொழிற்சாலையில் சுத்த அறைக்குள் கைப்பேசியே விட மாட்டார்கள். அதனால் கேட்டுத் துதிக்கிற பழக்கம் பாதி வேலையில் உதவாது, மனப்பாடமாக இருந்தால்தான் கூட வரும். சங்கீதம் 103-இன் முதல் ஐந்து வசனத்தை வாரத்துக்கு ஒன்று என்று எடுத்தால் ஐந்து வாரம். வரிசையில் நிற்கும்போது, பாகத்தை எண்ணும்போது, உதடு அசையாமல் ஓடும்.

#7 மூவேளை_மணி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து. நேரம் இல்லாதவர்களுக்கென்றே எங்களிடம் மூவேளை செபம் இருக்கிறது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. மூன்று சிறு வசனமும் பதிலும், ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு அருள்நிறை மந்திரம் (மரியன்னையை நோக்கிய சிறு செபம்), முடிவில் ஒரு மன்றாட்டு. இரண்டு நிமிடம் ஆகாது. (சின்ன வேடிக்கை: தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1-லிருந்து கடிகாரம் அரை மணி முன்னால் போய்விட்டது. கெடாவில் ஆறு மணிச் செபம் கும்மிருட்டில், சூரியன் ஏழுக்கு மேல்தான். பன்னிரண்டு மணிக்கு வெயில் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது.)

சற்று நேரம் கிடைப்பவர்களுக்குக் காலைப் புகழும் மாலைப் புகழும். காலையில் சக்கரியாவின் பாடல் (லூக்கா 1:68–79), மாலையில் மரியாவின் பாடல் (லூக்கா 1:46–55). இந்த இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்துவிட்டால்கூடப் போதும், ஒன்று ஷிஃப்டு போகும்போது, ஒன்று திரும்பும்போது.

ராத்திரிக்கு, இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்மச் சோதனை. பலர் அதைப் பாவக் கணக்கு என்று நினைக்கிறார்கள். அதன் முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் படுக்கை நேரம் புலம்பலில் முடியும்.

சபை கலந்த குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டியின் பழைய கத்தோலிக்கப் புத்தகத்தில் 102 என்று இருப்பது உங்கள் 103-ஆக இருக்கலாம். லத்தீன் எண்ணிக்கை பெரும்பகுதியில் ஒன்று பின்தங்கி வரும். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்தச் சிக்கல் இல்லை. "கர்த்தரை ஸ்தோத்திரி"யும் "ஆண்டவரைப் போற்றிடு"வும் ஒன்றுதான், அதற்காகச் சண்டை வேண்டாம்.

#8 ஐந்தரை_பஸ்

நன்றி, எல்லாருக்கும். ஆயிரம் ஸ்தோத்திரம்தான் இன்னும் பாக்கி. பிள்ளைகளைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு "உபகாரம்" என்றால் என்ன என்றே தெரியவில்லை.

#9 பின்வரிசை_மெதடிஸ்ட்

ஆயிரம் ஸ்தோத்திரத்தைக் கேலி செய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் வேதத்தில் உள்ள நாமங்கள், குணங்கள், செயல்கள்தான் இருக்கின்றன. படிக்கத் தெரியாத காலத்துத் தோட்டத்து ஆட்களுக்கு, ஒருவர் வாசிக்க எல்லாரும் "ஸ்தோத்திரம்" சொல்லி வேதத்தைக் காதில் ஏற்றிய வழி அது. கெட்டது எங்கே என்றால் வேகத்தில். கணக்குப் போடுங்கள்: ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலே ஆயிரத்துக்கு ஐம்பது நிமிடம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்தவர் முதல் வாரம் ஐம்பது நிமிடம் உட்காருவார். இரண்டாம் வாரம் அதை இருபது நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பார், அப்போது ஒன்றுக்கு ஒரு விநாடி சொச்சம்தான், வார்த்தை தேய்ந்து "தோத்ரம் தோத்ரம்" ஆகிவிடும். மூன்றாம் வாரம் ஒரு நாள் தவறும், "முழுசாகச் செய்யாவிட்டால் பலன் இல்லை" என்ற பயம் வரும், புத்தகம் அலமாரிக்குப் போகும். கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆயிரத்தை நாற்பது நாளுக்குப் பிரியுங்கள், ஒரு நாளைக்கு இருபத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி கொடுத்தாலும் நாலு நிமிடம் சொச்சம். தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் ஐம்பது செய்ய வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். எண்ணிக்கையால் கடவுளை அசைக்கலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மத்தேயு 6:7 ஒருமுறை வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பிள்ளைகளுக்கு: சங்கீதம் 136. இருபத்தாறு வசனம், ஒவ்வொன்றும் ஒரே பதிலில் முடியும், "அவர் கிருபை என்றுமுள்ளது". பிள்ளை அந்த ஒரு வரியை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், முதல் நாளிலேயே ஆராதனையில் சேர்ந்துவிட்டது. பிறகு முதல் பாதியை வீட்டுக் காரியமாக மாற்றுங்கள். பெரியவர்: "ஐந்தரை பஸ்ஸை விடாமல் பிடிக்க வைத்தார்." பிள்ளை: "அவர் கிருபை என்றுமுள்ளது." "பாட்டிக்குச் சீனி இறங்கியது." "அவர் கிருபை என்றுமுள்ளது." "கணக்கில் தவறிய பிள்ளைக்கு டீச்சர் திரும்பச் சொல்லித் தந்தார்." இப்படி. ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம், ஆறாவதில் பிள்ளை நெளியும்.

வார்த்தை விஷயம். வாரத்துக்கு ஒரு வார்த்தை எடுங்கள். உபகாரம் என்றால் செய்த உதவி, கிருபை என்றால் தகுதி பார்க்காமல் காட்டுகிற தயவு. 'அல்லேலூயா'வை முதலில் வையுங்கள், எந்தப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் அது ஒன்றுதான். எபிரேயத்தில் அது பலரைப் பார்த்துச் சொல்கிற ஏவல்: "நீங்கள் எல்லாரும் 'யா'வை (கர்த்தரை) துதியுங்கள்." தும்மினால் சொல்கிற வார்த்தை இல்லை என்று அப்போதுதான் பிள்ளைக்குப் பிடிபடும்.

#10 சும்மா_கேட்கிறேன்

டீச்சர், 88-ஆம் சங்கீத விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்று. லுத்தரன் சபை ஆட்கள் இங்கே நிறைய. உங்களிடம் வீட்டுக்கென்று ஒழுங்கு எதுவும் இல்லையா?

#11 வேதபாட_டீச்சர்

இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் பின்பகுதியில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் சாப்பாட்டு ஜெபமும் உண்டு. எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், விருப்பமானால் ஒரு சின்னக் காலை ஜெபம். அதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் எனக்குப் பிடித்தது: ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ. இரவில் அதே ஒழுங்கு, முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கு. துதித்து முடித்தவன் உட்கார்ந்து கவலைப்படக் கூடாது என்பதையும் ஒழுங்குக்குள்ளேயே எழுதிவிட்டார். நம் வீடுகளில் இரவு ஜெபம் முடிந்ததும் கைப்பேசியைத் திறந்து குடும்பக் குழுச் சண்டையைப் படிக்கிறோம். அதை மட்டும் நிறுத்தினால்கூட ஒரு படி.

#12 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. வீட்டு ஜெபம் வைப்பவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. பாங்கு சொல்லும் நேரத்தில் பாட்டு ஓடினால் நிறுத்தி, முடிந்ததும் தொடருங்கள். அந்திப் பாங்கு நம்ம பக்கம் மாதத்தைப் பொறுத்து ஏழுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் வரும், பாட்டை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. பத்து மணிக்கு மேல் பாட்டு வேண்டாம், வாசிப்பு மட்டும். வருகிறவர்களின் காடிகள் பக்கத்து வீட்டு கேட்டை மறைத்து நிற்பதுதான் புகாருக்கு முதல் காரணம், பாட்டு இல்லை. சடக்கு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள்.

துதிப் பாடல்களையும் வசனங்களையும் தாமான் பொதுக் குழுவில் பகிராதீர்கள். முஸ்லிம்கள் மத்தியில் வேறு சமயக் கொள்கையைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசியலமைப்பு 11(4) இடம் தருகிறது. சபைக் குழுவில் போடுங்கள்.

#13 தோப்புக்காரன்

நெறியாளர் சொன்னதற்குக் கூடுதலாக, இந்துக் குடும்பத்துக்குள் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருக்கும் வீடு நம்ம ஊரில் எத்தனையோ. மாமியார் விளக்கு ஏற்றுகிற நேரம் பார்த்துச் சத்தமாகத் துதிப்பது துதி இல்லைங்க, போட்டி. அடுப்படியில் அரிசி களையும்போது முணுமுணுப்பாகச் சொல்கிற ஸ்தோத்திரத்தை யாரும் தடுக்கப்போவதில்லை.

#14 கீர்த்தனை_மாஸ்டர்

எல்லாரும் வாயைப் பற்றியே பேசிவிட்டோம், நானும்தான். "ஸ்தோத்திர பலி" என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது முதலில் என்ன என்று லேவியராகமம் 7-ஐப் பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகும். 12-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்துகிற சமாதான பலி அது. மிருகத்தோடு புளிப்பில்லாத அதிரசங்கள், அடைகள், அவற்றோடு புளித்த மாவினால் செய்த அப்பமும். 15-ஆம் வசனம்: மாம்சம் செலுத்தின அன்றைக்கே புசிக்கப்பட வேண்டும், விடியற்காலம்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது.

ஒரு ஆட்டையோ மாட்டையோ ஒரே நாளில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியுமா? ஆசாரியனின் பங்கு போக மிச்சமே மலையளவு. உறவு, அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நன்றி சொல்கிறவன் பந்தி வைத்தே தீர வேண்டும் என்று சட்டமே தள்ளிவிடுகிறது. கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டும், டீச்சர் சொன்ன அழைப்பும் காரணமும் அங்கே சோற்றுத் தட்டின் முன்னால் நடக்கும். எபிரேயர் 13:15 உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திர பலி என்று சொன்ன கையோடு, 16-ஆம் வசனம் நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்கிறது. நாம் 15-ஐச் சுவரில் மாட்டிவிட்டு 16-ஐ மறந்துவிடுகிறோம்.

அதனால் மாதம் ஒரு துதியாவது அடுப்படியிலிருந்து வெளியே போகட்டும். குறிப்பிட்ட ஒரு நன்மை கிடைத்த அன்றைக்கே, மறுநாளைக்குத் தள்ளாமல்.

#15 ஐந்தரை_பஸ்

மாஸ்டர், இது நல்லா இருக்கு. ஆனால் நம்ம சடக்கில் ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் இந்துக் குடும்பம், எதிரே சீனர். எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

#16 பின்வரிசை_மெதடிஸ்ட்

மலாய்க் குடும்பத்துக்கு வீட்டுக் கறி வேண்டாம், அவர்கள் வாங்கிக்கொண்டாலும் சங்கடப்படுவார்கள். பழம் கொடுங்கள், தோல் உரிக்காதது. பாப்பாயா, வாழை, ரம்புத்தான் காலத்தில் ரம்புத்தான். இல்லாவிட்டால் ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் பொட்டலம், பிரிக்காமல். நோன்பு மாதம் என்றால் பாங்குக்கு அரை மணி முன்னால் கொடுத்தால் துறக்கும்போது வைத்துக்கொள்வார்கள்.

இந்துக் குடும்பத்துக்குச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கவிச்சி வேண்டாம், புரட்டாசி முழுக்க வேண்டாம், மாடு எந்த நாளிலும் வேண்டாம். கேசரி, பாயசம், சுண்டல் எப்போதும் செல்லும். சீனக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் எதுவும் செல்லும், ஆனால் சைவ விரத நாள் பார்க்கிறவர்கள் இருப்பார்கள், முதல் தடவை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அளவு முக்கியம். ஒரு வேளைக்கு மட்டும், சின்னப் பாத்திரம். பெரிய தூக்கு நிறையக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற பாரம் ஏறும், அடுத்த தடவை கதவு மெதுவாகத்தான் திறக்கும். பாத்திரத்துக்குள் துண்டுப்பிரதி வைக்காதீர்கள். எதற்கு என்று கேட்டால், "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, ஆண்டவருக்கு நன்றி" என்று ஒரு வரி. கேட்காவிட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

#17 ஐந்தரை_பஸ்

புரிந்தது. நாளைக்கு வியாழன், கவிச்சிப் பிரச்சனை இல்லை. ஆனாலும் சுண்டலே வைக்கிறோம், பாட்டி இப்போதே கடலையை ஊறப் போட்டுவிட்டார். மாஸ்டர், ஒரே ஒரு சந்தேகம்: கீபோர்டு இல்லாத வீட்டில் 'ஏ' சுருதியை எப்படிப் பிடிப்பது?

#18 கீர்த்தனை_மாஸ்டர்

கைப்பேசியில் சுருதிப் பெட்டிச் செயலி இலவசமாகக் கிடைக்கும், ஆறு கட்டையில் வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் தாழ்ந்த குரல் யாருக்கோ அவரையே முதல் வரியை எடுக்கச் சொல்லுங்கள், பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் தானாகப் பின்னால் வருவார்கள்.